ஜோடி இல்லாத பறவை முட்டையிட்டால் என்ன செய்தீர்கள்?

எங்கள் காக்டெய்லுக்கு (காக்கட்டீல் என்கிற கொண்டை வைத்த சிறு கிளி) ஜோடியும் இல்லை, கூட்டுப்பெட்டியும் இல்லை. ஆனாலும் முட்டையிட்டது. ஆண் இல்லாமல் எப்படி என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுவதில்லையா, அதே கதைதான். குஞ்சு மட்டும் வராது.

முட்டைக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்தன. புத்தக அலமாரியின் அடித்தட்டில் இருட்டான ஒரு இடுக்கு இருக்கிறது. அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கையை நீட்டினால் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே சீறும். எச்சமும் மாறியது. அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகப் போடுகிற பறவை, அடக்கி வைத்திருந்து ஒரே தடவையில் பெரிதாக, நாற்றத்தோடு போட்டது. விஷயம் தெரியாதவர்கள் நோய் என்று பயந்துவிடுவார்கள்.

கடைசியில் முட்டையிட்டது கூண்டின் தரையில். எடுத்து எறியச் சொன்னவர்கள்தான் அதிகம். நான் எடுக்கவில்லை. எடுத்தால் குறைந்ததை ஈடுகட்ட மறுபடி இடும். ஓடு கட்டத் தேவைப்படும் கால்சியத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்து போகும். விட்டுவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் இட்டு, பெரும்பாலும் 4 முதல் 6 முட்டையோடு தானே நிறுத்திக்கொள்ளும். அப்புறம் அடைகாக்கும். 3 வாரம் போல உட்கார்ந்தும் ஒன்றும் பொரியவில்லை என்றால் சலித்துப்போய் எழுந்துவிடும். அலகின் அடிப்பக்கத்தால் ஒவ்வொரு முட்டையாக உருட்டி வயிற்றுக்கடியில் இழுத்துக்கொள்வதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் அது தானாகக் கைவிட்ட பிறகே எடுத்தேன்.

பிறகு செய்தது எல்லாம் அடுத்த சுற்றைத் தடுக்க. இடுக்கை அடைத்தேன். கூண்டில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கழற்றினேன். கூண்டுக்குள் பொருள்களை இடம் மாற்றினேன். முக்கியமாக, தினமும் 12 மணி நேரத்துக்குக் குறையாமல் இருட்டு. பகல் நீண்டால் இனப்பெருக்கக் காலம் என்று அதன் உடம்பு எடுத்துக்கொள்கிறது. தடவிக் கொடுப்பது தலை, கழுத்தோடு சரி. முதுகைத் தடவினால் ஜோடி அழைப்பதாகவே நினைக்கும். இதை விருந்தாளிகளுக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடு!

*

எங்கள் பட்ஜிக்கு (இதுவும் ஒரு சிறு கிளிதான்) முட்டை உள்ளேயே சிக்கிக்கொண்டது. உடம்பைப் புசுபுசுவென்று உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தது. மூச்சுக்கு ஒரு தடவை வால் ஏறி இறங்கியது, கால் ஊன்ற முடியவில்லை. எண்ணெய் வை, வயிற்றை அழுத்திவிடு என்று சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே முட்டை உடைந்தால் உயிருக்கே ஆபத்து. அட்டைப்பெட்டியில் வெதுவெதுப்பாக வைத்து உடனே பறவை மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, கால்சியம் ஊசி போட்டு, சூடான அறையில் வைத்திருந்தார். முட்டை வெளியே வந்துவிட்டது.

கால்சியத்துக்காகக் கொத்தித் தின்னும் கணவாய் மீன் ஓடு எப்போதும் கூண்டில் தொங்கத்தான் செய்தது. ஆனால் வைட்டமின் டி3 இல்லாமல் கால்சியம் உடம்பில் சரியாகச் சேராதாம். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலும் இதற்குப் பயன்படாதாம், தேவையான கதிர்களைக் கண்ணாடியே தடுத்துவிடுகிறது. இப்போது கூண்டோடு வெளியே தூக்கிப்போய், பாதி நிழல் இருக்கிற இடத்தில், பக்கத்திலேயே உட்கார்ந்து வெயில் காட்டுகிறோம்.

*

எங்களுடையது ஆப்பிரிக்க லவ்பேர்ட். காகிதத்தை நீளநீளக் கீற்றாகக் கத்தரித்து, வாலுக்கு மேலே உள்ள இறகுகளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். பாதி வழியில் உதிர்ந்துவிடும், திரும்ப வந்து மறுபடி கத்தரிக்கும். ரசிக்கலாம்தான், ஆனால் அது கூடு கட்டும் வேலை என்பதால் காகிதம் கண்ணில் படாமல் வைக்கிறோம்.

மேலே சொன்ன எல்லாம் செய்தும் ஓயாமல் முட்டையிட்டது. பொய் முட்டை வைத்தும் நிற்கவில்லை. மருத்துவர் தோலுக்கடியில் ஹார்மோன் மருந்து ஒன்றைப் பதித்திருக்கிறார். அது நிரந்தரம் இல்லை, மருந்தின் வீரியம் தீர்ந்ததும் மறுபடி பதிக்க வேண்டிவரலாம். ஆகவே இருட்டும் காகிதத் தடையும் இன்னும் தொடர்கின்றன.