டவர் அஸ்திவாரமே எர்த்: கான்கிரீட் ஊற்றும் முன் நான் பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

ஹாம் ரேடியோவுக்காக (பொழுதுபோக்கு வானொலித் தொடர்பு) 15 மீட்டர் டவர் நிறுத்தினேன். அஸ்திவாரத்தின் இரும்புக் கம்பிகளையே மின்னலுக்கான எர்த்தாக வைத்துக்கொள்வதுதான் திட்டம். கான்கிரீட் ஊற்றும் நாள் காலையில் போய்ப் பார்த்தால், குழி முழுக்க பாலித்தீன் ஷீட் விரித்திருக்கிறார் கொத்தனார். சிமெண்ட் பாலை மண் குடித்துவிடக் கூடாதாம். அவர் வேலைக்கு அது சரிதான், என் வேலைக்கு வினை. மண்ணின் ஈரத்தைக் கான்கிரீட் உறிஞ்சி வைத்துக்கொள்வதால்தான் மின்சாரம் அதன் வழியே மண்ணில் இறங்குகிறது. நடுவில் பிளாஸ்டிக் வந்தால் அவ்வளவுதான். உருவச் சொன்னேன். முகம் சுளித்துக்கொண்டே உருவினார்.

அடுத்த தப்பு என்னுடையது. டவரின் கால்களை அஸ்திவாரத்தோடு பிடித்து வைக்கும் ஆங்கர் போல்ட்டுகள், உள்ளே இருக்கும் கம்பிக்கூட்டைத் தொடாமல் தனியே தொங்கின. பிடிமானத்துக்கு அது போதும். ஆனால் டவரில் மின்னல் விழுந்தால், போல்ட்டிலிருந்து கூட்டுக்குப் போக நடுவில் கான்கிரீட்டைத் தவிர வேறு வழியில்லை. அங்கிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியானால் கான்கிரீட் வெடிக்கும். லாரி வாசலில் காத்திருக்க, ஒவ்வொரு போல்ட்டையும் கூட்டோடு கட்டுக்கம்பி போட்டு இறுக்கினோம். டவரை ஏற்றுவதற்கு முன் எர்த்தின் மின்தடையை அளந்தபோது 4 ஓம்.

— மறுமொழி —

இதற்கு யூஃபர் எர்த் என்றே பெயர். இரண்டாம் உலகப் போரின்போது அரிசோனாவில் வெடிகுண்டுக் கிடங்குகளுக்கு மின்னல் பாதுகாப்பு தேவைப்பட்டது. அது வறண்ட மண். ஹெர்பர்ட் யூஃபர் அஸ்திவாரக் கம்பிகளையே எர்த்தாக்கினார். சுமார் 20 வருடம் கழித்து அளந்தபோதும் 5 ஓமைத் தாண்டவில்லை. அமெரிக்க விதி கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை: குறைந்தது 20 அடி நீளக் கம்பி, அதைச் சுற்றி 2 அங்குலக் கான்கிரீட். டவர் அஸ்திவாரத்தில் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

— மறுமொழி —

நான் பட்ட அடி வேறு. அஸ்திவாரத்தோடு துத்தநாகம் பூசிய எர்த் ராடுகளையும் இணைத்து வைத்தேன். சில வருடம் கழித்துத் தோண்டினால் பூச்சே இல்லை, ராடு துரு தின்று மெலிந்து கிடந்தது. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்பு, மின்வேதியியல் கணக்கில் செம்புபோல நடந்துகொள்ளும். மண்ணில் இருக்கும் துத்தநாகம் அதற்குப் பலியாகிறது. டவரைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் கம்பியின் (guy wire) ஆங்கர் மண்ணுக்குள் நேரடியாகப் போகிறதா? அதையும் தோண்டிப் பாருங்கள். அது அரித்தால் டவரே சாயும். இப்போது செம்பு பூசிய ராடுதான் போட்டிருக்கிறேன்.

— மறுமொழி —

நான் ஏற்கெனவே ஊற்றிவிட்டேன். போல்ட்டைக் கட்டினார்களா என்று தெரியாது. இனி என்ன செய்வது?

— மறுமொழி —

உடைக்க வேண்டாம். அஸ்திவாரத்தைச் சுற்றிச் செம்புக் கம்பியை வளையமாகப் புதைத்து, நாலைந்து ராடு அடித்து, டவரின் கால்களோடு இணையுங்கள். மின்னல் அந்த வழியில் இறங்கட்டும். டவர் துத்தநாகம் பூசியதாக இருந்தால் செம்பை நேரடியாக அதில் முறுக்காமல், நடுவில் ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் கொடுங்கள். ஆன்டெனா கேபிளின் ஷீல்டையும் (உள்கம்பியைச் சுற்றியுள்ள உலோக உறை) டவரின் அடியிலேயே எர்த் செய்துவிட்டு, அப்புறம் வீட்டுக்குள் கொண்டுபோங்கள். அந்த வளையத்தை வீட்டு எர்த்தோடும் சேர்க்க வேண்டும், தனித்தனியாக விடக் கூடாது.