பழைய நோவாவில் கியர்பாக்ஸ் ஆயில் கசிவு, கேபிளும் உருகியிருக்கிறது: யோசனை தேவை

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1972 செவ்ரலே நோவா, டர்போ ஹைட்ராமேட்டிக் 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ராத்திரி அடியில் அட்டை விரித்து வைத்தால் காலையில் சிவப்புப் பொட்டுகள். எஞ்சின் ஆயில் இல்லை, சந்தேகமே வேண்டாம்.

கியர்பாக்ஸ் அடியில் இருக்கும் ஆயில் தட்டின் (பான்) கேஸ்கெட்டை மாற்றிப் பார்த்தாயிற்று, கசிவு நிற்கவில்லை. துடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தால் முதலில் ஈரமாவது கிக்டவுன் கேபிள் (ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் கியரை இறக்க வைப்பது) கியர்பாக்ஸ் கேஸுக்குள் நுழையும் இடம்தான். அங்கிருந்து வழிந்து பான் விளிம்பில் சேர்வதால் பான் ஒழுகுவது போலவே தெரிகிறது. கியர் லீவர் ஷாஃப்ட் சீலும் லேசாகப் பிசுபிசுக்கிறது. வாக்குவம் மாடுலேட்டர் (எஞ்சினின் வெற்றிட இழுப்பை வைத்து கியர் மாறுவதைக் கட்டுப்படுத்தும் பாகம்) குழாயைக் கழற்றிப் பார்த்தேன், உள்ளே காய்ந்திருக்கிறது. எக்ஸாஸ்டில் வெள்ளைப் புகையும் இல்லை. ஆகவே ஆயில் எஞ்சினுக்குள் போகாமல் தடுக்கும் அதன் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழியவில்லை என்றே நினைக்கிறேன்.

அந்தக் கிக்டவுன் கேபிளின் மேலுறை எக்ஸாஸ்ட் பக்கம் உருகி, உள்ளே இருக்கும் கம்பி பல்லைக் காட்டுகிறது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் கியர் இறங்குவதில்லை. ஸ்பீடோமீட்டர் முள்ளும் ஆடுகிறது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இதைச் செய்தவர்கள் சொல்லுங்கள்: பான் தட்டை இறக்காமலே கேபிளை மாற்ற முடியுமா? கேபிளைத் தூக்கும்போது உள்ளே இருக்கும் கொக்கி நழுவி விழுந்துவிடுமா? ஷாஃப்ட் சீலை கியர்பாக்ஸ் வண்டியில் இருக்கும்போதே மாற்றியவர் உண்டா? கசிவை நிறுத்தும் மருந்து ஊற்றச் சொல்லாதீர்கள், அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. புதுக் கேபிளை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கிக் கொண்டுபோன படம் இருந்தால் போடுங்கள்.