முள் இல்லாத காரில் தனி வெப்ப மீட்டர்: சென்சாரை எங்கே பொருத்துவது?

மலைப்பாதைப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோயம்புத்தூரில் வசிக்கிறேன். என்னுடைய 2009ஆம் ஆண்டு நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. சூடு எல்லை மீறினால் எரியும் சிவப்பு விளக்கு மட்டுமே உண்டு. சென்ற மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது அந்த விளக்கு எரிந்தது. உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தியும், அதற்குள் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் கீழுள்ள பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது. ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவி, புதிய கேஸ்கெட் போட்டு, ரேடியேட்டரையும் மாற்றி இப்போதுதான் வண்டி கைக்கு வந்திருக்கிறது.

இனி விளக்கை நம்பி மலை ஏற எனக்கு மனம் இல்லை. சென்சாருடன் வரும் தனி மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன். மெக்கானிக், ரேடியேட்டரின் மேல் ஹோஸை வெட்டி இடையில் பொருத்தலாம் என்கிறார். மீட்டர் விற்ற கடைக்காரர் கீழ் ஹோஸே போதும் என்கிறார். நண்பர் ஒருவர், ஏற்கெனவே இருக்கும் சென்சாரின் கம்பியிலிருந்தே இணைப்பு எடுத்துவிடலாம் என்கிறார். எது சரி?

பழைய பணிமனைக்காரர்

மூன்றில் இரண்டை இப்போதே விலக்கிவிடலாம். கீழ் ஹோஸில் ஓடுவது ரேடியேட்டரில் ஆறிய பிறகு எஞ்சினுக்குத் திரும்பும் தண்ணீர். அது ரேடியேட்டர் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, ஹெட் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைச் சொல்லாது. ஏற்கெனவே உள்ள சென்சாரின் கம்பியைத் தொடவே வேண்டாம். சூடு ஏற ஏற மின்தடை குறையும் வகையைச் சேர்ந்த அந்தச் சென்சாரை வைத்துத்தான் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) பெட்ரோல் அளவையும் ரேடியேட்டர் ஃபேனையும் தீர்மானிக்கிறது. அதே கம்பியில் இன்னொரு மீட்டரைச் சேர்த்தால் ஈசியூவுக்குப் போகும் மின்னழுத்தம் மாறி, இல்லாத சூட்டை அது இருப்பதாகவோ, இருக்கும் சூட்டை இல்லாததாகவோ எடுத்துக்கொள்ளும்.

மேல் ஹோஸைப் பொறுத்தவரை, உங்கள் எஞ்சினில் தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை ரேடியேட்டர் வழியாகத் தண்ணீர் ஓடாமல் தடுக்கும் வால்வு) எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல் நான் சரி என்றோ தவறு என்றோ சொல்லமாட்டேன். காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஃபேனிலிருந்து கையை விலக்கி வைத்துக்கொண்டு, மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சிறிது சிறிதாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் தண்ணீர் உள்ளே நுழையும் பக்கத்தில் இருக்கிறது. மேல் ஹோஸில் சென்சாரைத் தாராளமாகப் பொருத்தலாம். பல நிமிடங்கள் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சுட்டால் அது ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் பக்கத்தில், அந்த ஹோஸின் தொடக்கத்திலேயே இருக்கிறது.

மலைப்பாதைப் பயணி

இன்று காலை பார்த்தேன். ஏழெட்டு நிமிடங்கள் ஹோஸ் குளிர்ந்தே இருந்தது. அதன் பிறகு சட்டென்று கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. அப்படியானால் மேல் ஹோஸ் கூடாதா?

பழைய பணிமனைக்காரர்

கூடாது என்பதல்ல. தெர்மோஸ்டாட் திறந்த பிறகு (பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரியில் அது திறக்கத் தொடங்கும்) மேல் ஹோஸ் காட்டும் சூடு உண்மையானதுதான். ஆனால் தெர்மோஸ்டாட் மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சின் கொதிக்கும்போதும் ஹோஸில் தண்ணீர் நகராது. மீட்டர் குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும். நீங்கள் அஞ்சுவதே அந்த நிலைமையைத்தானே? ஆகவே சென்சார் தெர்மோஸ்டாட்டுக்கு முன்னால், ஹெட்டின் பக்கம் இருக்க வேண்டும். ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் ஹவுசிங்கில் (தெர்மோஸ்டாட் அமர்ந்திருக்கும் உலோகக் கூட்டில்) போல்ட்டால் அடைக்கப்பட்ட துளை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால், ஹெட்டிலிருந்து ஹீட்டருக்குப் போகும் சிறிய ஹோஸில் அடாப்டர் வைக்கலாம். ஹீட்டரை அணைத்தால் தண்ணீரையே நிறுத்திவிடும் வால்வு உங்கள் காரில் இல்லை என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

துளை கிடைத்தால் மரையைக் கவனியுங்கள். எட்டில் ஒன்று அங்குல என்பிடி (குழாய் இணைப்புக்கான கூம்பு வடிவ) மரையும் 10 மி.மீ. மரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அலுமினிய ஹவுசிங்கில் பொருந்தாததை வலிந்து முறுக்கினால் மரை போய்விடும்.

மின்கம்பி வேலையாள்

எர்த் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஒற்றைக் கம்பிச் சென்சார் தன் உடல் வழியாகத்தான் எர்த் எடுக்கிறது. ரப்பர் ஹோஸ்களுக்கு நடுவே இருக்கும் அடாப்டர் எஞ்சினைத் தொடுவதில்லை என்பதால், அடாப்டரிலிருந்து எஞ்சின் பிளாக்குக்குத் தனி எர்த் கம்பி இழுக்க வேண்டும். மரையில் டெஃப்லான் டேப்பை அளவுக்கு மீறிச் சுற்றினாலும் எர்த் கெட்டு, மீட்டர் உள்ளதைவிடக் குறைவான சூட்டைக் காட்டும்.

இன்னொன்று இதைவிட முக்கியமானது. தண்ணீரில் முங்கியிருக்கும் வரைதான் அந்தச் சென்சாரை நம்பலாம். ஹோஸ் வெடித்துத் தண்ணீர் கொட்டிவிட்டால், சென்சார் வெறும் காற்றில் நிற்கும். ஹெட் சூடேறிக்கொண்டே இருக்க, மீட்டரின் முள் கீழே இறங்கும். அதனால், ஹெட்டில் திருகப்பட்ட ஏதேனும் ஒரு பிராக்கெட் போல்ட்டின் அடியில் வளையம் போன்ற சென்சார் ஒன்றை வைத்து, அதை அலாரத்துடன் இணைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஹெட்டைப் பிளாக்குடன் இறுக்கும் போல்ட்டுகளை மட்டும் இதற்காகத் தளர்த்தாதீர்கள். உலோகத்தின் சூடு தண்ணீரின் சூட்டுடன் அப்படியே ஒத்துப்போகாது. ஆகவே சில நாள் ஓட்டி, ஏற்றத்திலும் நெரிசலிலும் வரும் அதிகபட்ச எண்ணைக் குறித்துக்கொண்டு, அதைவிடப் பத்து டிகிரி மேலே அலாரத்தை வையுங்கள்.

மலைப்பாதைப் பயணி

இருவருக்கும் மிக்க நன்றி. ஹவுசிங்கின் பின்புறம் அடைக்கப்பட்ட துளை ஒன்று இருக்கிறது. மரையை அளந்து பார்த்துவிட்டு அதிலேயே பொருத்தச் சொல்கிறேன். வளையச் சென்சாரும் வாங்கப்போகிறேன். பொருத்துவதற்கு முன் கொதிநீரில் போட்டு மீட்டரைச் சோதிக்கலாமா?

பழைய பணிமனைக்காரர்

அவசியம் சோதியுங்கள், சென்சாரின் உடலுக்கும் பேட்டரியின் எர்த்துக்கும் ஒரு கம்பி கொடுக்க மறக்காதீர்கள். கோயம்புத்தூரில் நூறை ஒட்டிக் காட்ட வேண்டும். ஊட்டியில் சோதித்தால் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். அங்கே அதுதான் சரியான எண். பொருத்திய பின் கூலன்ட் நிரப்பி, காற்று முழுவதும் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பிறகு அளவை மறுபடியும் பாருங்கள்.