அமெரிக்காவில் கச்சேரி டிக்கெட் தேட எந்தத் தளம் நல்லது?

கேள்வி: கூகுளில் அரங்கத்தின் பெயரைப் போட்டால் முதலில் வரும் தளத்தில் விலை இரட்டிப்பாக இருக்கிறது. உண்மையான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 1: முதலில் வருபவை பெரும்பாலும் விளம்பரங்கள். அரங்கத்தின் பெயரையே முகவரியில் வைத்துக்கொண்டு மறுவிற்பனை செய்யும் தளங்களும் உண்டு. கலைஞரின் சொந்தத் தளத்தில் நிகழ்ச்சிப் பட்டியலைத் திறந்து, அங்குள்ள டிக்கெட் இணைப்பை அழுத்துங்கள். அதுதான் முதல் விற்பனை. அங்கே தீர்ந்துபோனால் மட்டும் ஸ்டப்ஹப், சீட்கீக் போன்ற மறுவிற்பனைத் தளங்கள் பக்கம் போகலாம். சீட்கீக்கில் ஒவ்வொரு இருக்கைக்கும் 10க்கு ஒரு மதிப்பெண் உண்டு. இருக்கும் இடத்துக்கு அந்த விலை தகுமா என்பதை அது சொல்லும். விலை மலிவு என்பதற்காக மட்டும் 3, 4 மதிப்பெண்ணை எடுக்காதீர்கள், தூணுக்குப் பின்னால் உட்கார நேரலாம்.

பதில் 2: 2025 மே 12 முதல், அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசியின் விதிப்படி கட்டாயக் கட்டணங்களைச் சேர்த்த மொத்த விலையையே முதலில் காட்ட வேண்டும். வரி போன்றவை கடைசியில் கூடலாம். ஆகவே தளங்களை ஒப்பிடுவது இப்போது சுலபம்.

பதில் 3: வரிசை எண் இல்லாத இருக்கை என்றால் உஷார். விற்பவர் கையில் இன்னும் டிக்கெட்டே இல்லாமல் இருக்கலாம். ஸ்கிரீன்ஷாட்டாக விற்பவரிடமும் வாங்காதீர்கள்: டிக்கெட்மாஸ்டர் என்ற விற்பனைத் தளத்தின் சேஃப்டிக்ஸ் மொபைல் டிக்கெட்டில் பார்கோடு சில நொடிகளுக்கு ஒருமுறை மாறும், பழைய படம் வாசலில் செல்லாது. டிக்கெட்டை உங்கள் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தால் மட்டுமே பணம் கொடுங்கள்.