1968 மஸ்டாங்குக்கு எந்த ரிம், எந்த டயர்?

லாஸ்பேட்டை வாசி:

வணக்கம். என் மாமா சென்னையில் ஒருவரிடமிருந்து 1968 ஃபோர்டு மஸ்டாங் வாங்கியிருக்கிறார். கூப்பே, 302 கன இன்ச் வி8 இன்ஜின், இடது பக்க ஸ்டியரிங், பவர் ஸ்டியரிங் கிடையாது. இன்ஜின் வேலை முடிந்துவிட்டது. வண்டி புதுச்சேரியில் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது, சக்கரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போது இருப்பது 14 இன்ச் இரும்பு ரிம், நல்ல துரு. டயரில் பட்டன் தேயவே இல்லை, ஆனால் பக்கவாட்டில் நகம் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மாமாவுக்கு 18 இன்ச் வேண்டும், பின்னால் அகலமாகத் தெரிய வேண்டும். சித்தப்பா பையனிடம் பழைய இன்னோவாவின் 15 இன்ச் அலாய் நான்கு சும்மா கிடக்கிறது. மூன்றாவதாக, அமெரிக்காவிலிருந்து ஐந்து ஆரம் வைத்த பழைய பாணி ரிம் தருவிக்கலாம் என்று ஒரு யோசனை. அதில் 15x7, பேக்ஸ்பேசிங் 4.25 என்று போட்டிருக்கிறது. அது என்ன கணக்கு என்றே புரியவில்லை.

ஓட்டப்போவது ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈசிஆர், எப்போதாவது கடலூர் வரை. எது சரிப்படும்?

வில்லியனூர் ரைடர்:

இன்னோவாவும் 5 போல்ட், 114.3. மஸ்டாங்கும் 5 போல்ட், 114.3. ஓசியில் கிடைக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள் ப்ரோ. எதற்கு இவ்வளவு யோசனை?

கெடிலக்கரை:

கண்ணைத் திறந்துகொண்டே மாட்டலாம் தம்பி, அவசரம் இல்லை. கடலூரில் வீல் அலைன்மென்ட் பட்டறை வைத்திருந்தவன் நான், இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். பிசிடி, அதாவது போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், ஒன்று என்பது உண்மை. நாலரை இன்ச்தான் 114.3 மிமீ. ஆனால் பத்துப் பொருத்தத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டுத் தாலி கட்டுகிற கதை இது.

முதலில் நடு ஓட்டை. டொயோட்டா ரிம்மின் நடு ஓட்டை 60.1 மிமீ. மஸ்டாங்கின் முன் ஹப் 70 மிமீக்குக் கொஞ்சம் மேலே. ரிம் உட்காரவே உட்காராது. லேத் பட்டறையில் கொடுத்தால் கடைந்து தருவார்கள்தான், ஆனால் அலாயின் நடுவில் பத்து மிமீ தின்றுவிட்டு அதில் ஒரு வி8 வண்டியை ஓட்ட எனக்கு மனசு வராது.

அடுத்தது நட்டு. டொயோட்டா ஸ்டட் 12 மிமீ, 1.5 மரை. ஃபோர்டு அரை இன்ச், இன்ச்சுக்கு 20 மரை. ஒன்றின் நட்டு இன்னொன்றில் ஏறாது. ஏறாத நட்டை ஏர் கன் வைத்து ஏற்றுகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். நட்டின் உட்காரும் பக்கம் கூம்பா, தட்டையா என்பதும் ரிம்மோடு ஒத்துப்போக வேண்டும். (மஸ்டாங்கில் எல்லாமே வலமரைதான். அந்தக் காலத்து கிரைஸ்லர் கம்பெனி வண்டிகளில் இடது பக்கம் இடமரை வரும். தெரியாமல் முறுக்கி ஸ்டட்டை உடைத்தவர்கள் நிறைய.)

எல்லாவற்றையும் விடப் பெரியது பேக்ஸ்பேசிங். ரிம்மைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, பின்விளிம்பின் மேல் ஒரு நேர்க்கட்டையை வையுங்கள். அந்தக் கட்டையிலிருந்து, ஹப்பில் ஒட்டுகிற முகம் வரை டேப்பை இறக்கினால் வருகிற அளவுதான் பேக்ஸ்பேசிங். ரிம் எவ்வளவு தூரம் வண்டிக்குள்ளே போகிறது என்று அது சொல்லும். 15x7 என்றால் விட்டம் 15 இன்ச், அகலம் 7 இன்ச். பேக்ஸ்பேசிங் 4.25 இன்ச் என்றால் 108 மிமீ. இந்தக் காலத்து ரிம்களில் இதையே ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அளந்து, ஆஃப்செட்டாக, உள்பக்கம் 'ET' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் மிமீயில் அடித்திருப்பார்கள். உதாரணத்துக்கு 6 இன்ச் அகலம், ET 45 என்று வையுங்கள். விளிம்போடு சேர்த்து மொத்த அகலம் சுமார் 7 இன்ச், அதில் பாதி 89 மிமீ, கூட 45. ஆக 134 மிமீ. தருவிக்கிற ரிம்மைவிட 26 மிமீ உள்ளே போய் உட்காரும். பின்னால் லீஃப் ஸ்பிரிங்கை நெருங்கும், முன்னால் ஸ்டியரிங் ஒடிக்கும்போது டை ராடு பக்கம் இடிக்கும். பார்வைக்கும் வண்டி ஒட்டிய வயிறு மாதிரித் தெரியும். ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டுச் சரிக்கட்டலாம் என்று யாராவது வருவார்கள், வேண்டாம்.

18 இன்ச் பற்றி மாமாவிடம் இப்படிச் சொல்லுங்கள். 225/45 ஆர்18 போட்டால் டயரின் பக்கச்சுவர், 225 மிமீ அகலத்தில் 45 சதவீதம், 101 மிமீதான். ரெட்டிச்சாவடியிலிருந்து கடலூர் வரும் வழியில் ஒரு பள்ளம் போதும், ரிம் விளிம்பு வளைந்துவிடும். அதற்கு மேல் மாமா இஷ்டம்.

என் வழக்கம் வேறு. முதலில் டயர், அப்புறம்தான் ரிம். நாளைக்கு ஒரு டயர் வெடித்தால் நூறடி ரோட்டிலேயே ஒரு கடையில் கிடைக்கிற அளவா என்று பாருங்கள். கிடைக்கிற அளவு எது வண்டியின் பழைய உயரத்துக்கு ஒத்துவருகிறதோ, அதற்கு ரிம் தேடுங்கள்.

அதற்கு முன்னால் பின்சக்கரத்தை அளந்து சொல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றி, ஜாக்கியை ஆக்சிலுக்குக் கீழே கொடுங்கள், பாடிக்குக் கீழே கொடுக்காதீர்கள். ஸ்பிரிங் மேல் வண்டியின் பாரம் இருந்தால்தான் அளவு உண்மையாக வரும். டிரம் முகத்திலிருந்து உள்ளே லீஃப் ஸ்பிரிங் வரை எவ்வளவு, வெளியே மட்கார்டு விளிம்பு வரை எவ்வளவு? இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்கவும். டயரின் பக்கவாட்டில் 'DOT' என்ற எழுத்துக்குப் பின்னால் கடைசியில் உள்ள எண்ணையும் எழுதுங்கள்.

லாஸ்பேட்டை வாசி:

ரொம்ப நன்றி அண்ணே. அளந்துவிட்டேன். உள்ளே இரண்டு பக்கமும் 146 மிமீ. வெளியே இடது 127, வலது 120. டேப்பை மாற்றியும் பார்த்தேன், அதே வித்தியாசம். ஆக்சில் நகர்ந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. டயரில் மூன்று இலக்கம்தான் இருக்கிறது: 348.

கெடிலக்கரை:

348 என்றால் 34-ஆவது வாரம், 8-இல் முடிகிற ஆண்டு. 2000-லிருந்துதான் நான்கு இலக்கம் வந்தது. ஆகவே இது 1998, இல்லையென்றால் அதற்கும் முன்னால். பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்த டயரில் தெரு முனை வரைக்கும்கூட ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

ஆக்சில் நகரவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆக்சில் முழுசாக வலது பக்கம் நகர்ந்திருந்தால் வலது பக்கம் குறைந்த அளவு இடது பக்கம் கூடியிருக்கும், ஆனால் உங்கள் இடது பக்கத்து அளவு வழக்கமானதுதான். வலது மட்கார்டில் எப்போதோ டிங்கர் வேலை நடந்திருக்கும். பழைய தகட்டை வெட்டிப் புதுசு பற்ற வைத்தால் விளிம்பு ஐந்து, பத்து மிமீ உள்ளே வாங்கிவிடும். விளிம்புக்கு உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள், வெல்டிங் தடம் கையில் படும்.

15x7, 108 மிமீ பேக்ஸ்பேசிங் ரிம்மில் (விளிம்போடு 8 இன்ச், பாதி 102 மிமீ) டயரின் நடு, டிரம் முகத்திலிருந்து 6 மிமீ உள்ளே விழும். பெரும்பாலானவர்கள் பின்னால் போடுவது 235/60 ஆர்15. அதன் உண்மையான அகலம் 240 வரும். பாதி 120, ஆகவே உள்ளே 126, வெளியே 114. உள்ளே 20 மிமீ மிச்சம், பரவாயில்லை. வெளியே இடது பக்கம் 13, வலது பக்கம் ஆறே ஆறு. பின் சீட்டில் ரெண்டு பேரை உட்காரவைத்து அரியாங்குப்பம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினால் விளிம்பு டயரைச் சீவும்.

205/65 ஆர்15 பாருங்கள். 7 இன்ச் ரிம்மில் ஏற்றினால் அகலம் ஏறத்தாழ 219, பாதி 110. வெளியே இடது 23, வலது 16 மிச்சம். உள்ளே 30. உயரம் 647 மிமீ, அன்றைக்கு இந்த வண்டியோடு வந்த 6.95-14 டயருக்குப் பக்கத்திலேயே நிற்கும், ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லாது. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியில் முன்னால் 205-க்கு மேல் போனால், வைட் டவுன் சந்துகளில் ரிவர்ஸ் எடுக்கும்போது தோள்பட்டை கேட்கும்.

வேடிக்கை என்ன என்றால், 205/65 ஆர்15 தான் அந்தப் பழைய இன்னோவாவின் டயர். எந்த ஊர்க் கடையிலும் நாலு கம்பெனியில் கிடைக்கும். ரைடர் தம்பி, உங்கள் வாக்கும் பாதி பலித்துவிட்டது. இன்னோவா ரிம் வேண்டாம், இன்னோவா டயர் போதும்.

மாட்டிய பிறகு அலைன்மென்ட்டை மறக்காதீர்கள். பழைய ஃபோர்டு புத்தகத்தில் இருக்கும் அளவு பயஸ் பிளை (உள்ளே நூல் குறுக்காக ஓடும் பழைய ரகம்) டயர் காலத்தது. ரேடியலுக்குக் காஸ்டரை, அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாய்கிற கோணத்தை, பாசிட்டிவில் 2 டிகிரி பக்கம் வையுங்கள், நேர் ரோட்டில் அலையாமல் போகும். 1967-லிருந்து இந்த வண்டியில் காஸ்டரை ஸ்ட்ரட் ராடு நட்டில் மாற்ற வேண்டும், கேம்பரை (சக்கரம் உள்ளே, வெளியே சாய்கிற கோணம்) கீழ்க் கையின் எக்சென்ட்ரிக் போல்ட்டில். கம்ப்யூட்டர் மெஷினில் இந்த வண்டி பெயர் இல்லை என்று கையை விரிப்பார்கள். கையால் செட் செய்யத் தெரிந்த பழைய ஆளாகப் பிடியுங்கள்.

கான்டெசா பிரியன்:

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு வார்த்தை. தருவிக்கிற ரிம்மில் குரோம் வேண்டாம். கடற்கரைக் காற்றில் ரெண்டு மழைக்காலம் தாங்கினால் அதிசயம், ஓரத்தில் கொப்பளம் கிளம்பிவிடும். சாம்பல் பெயின்ட் அடித்ததை எடுங்கள், கீறினாலும் தொட்டு அடித்துக்கொள்ளலாம்.

லாஸ்பேட்டை வாசி:

விரல் ஓட்டிப் பார்த்தேன் அண்ணே, வெல்டிங் தடம் இருக்கிறது. மாமாவிடம் 101 மிமீ கணக்கைக் காட்டினேன். முகம் சுண்டிவிட்டது, ஆனாலும் 15-க்குச் சம்மதித்துவிட்டார். கடைசியாக ஒன்று: ரிம் நாலு தருவிப்பதா, ஐந்தா? ஸ்டெப்னிக்கும் சேர்த்தால் செலவு எகிறுகிறது.

கெடிலக்கரை:

நாலு போதும். துருப்பிடித்த இரும்பு ரிம்மில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சுரண்டிப் பெயின்ட் அடித்து, ட்யூபோடு 205/70 ஆர்14 ஏற்றி டிக்கியில் போடுங்கள். உயரம் 643 மிமீ, வீடு வந்து சேர அது போதும். முன்னால் டிஸ்க் பிரேக் என்றால் அந்தப் பழைய ரிம் கேலிப்பரில் இடிக்காமல் சுற்றுகிறதா என்று ஒரு தடவை மாட்டிப் பாருங்கள். இரும்பு ரிம்முக்குத் தனி நட்டு ஐந்து அதே டிக்கியில் இருக்கட்டும், அலாய் நட்டு அதற்குச் சேராமல் போகலாம். புது ரிம் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒரு முறை டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கிவிடுங்கள்.