புதுப்பிப்பு: பீட்டில் கியர்பொக்ஸ் என்ன ஆயிற்று?

என் 1965 ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் கியர்பொக்ஸ் வெளிக்கூட்டுக்கு வெள்ளிப் பெயின்ட் அடிக்கலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். அடிக்கவில்லை. அலுமினியம் என்றுதான் நினைத்திருந்தேன், ஆனால் அது மக்னீசியக் கலவை, சுத்தம் செய்ய அமிலம் ஊற்றினால் அரித்துவிடும், கிரைண்டர் பிடித்தால் பறக்கும் தூளே தீப்பிடிக்கலாம். நல்லவேளை, கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஒரு மெக்கானிக் பாஸ் தடுத்தார். மண்ணெண்ணெயும் பிரஷுமாக இரண்டு ஞாயிறு தேய்த்ததில் அந்தப் பழைய மங்கல் சாம்பல் நிறம் வெளியே வந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குப் பயந்து மேலே மெல்லிய மெழுகு, அவ்வளவுதான்.

போல்ட்டுகளுக்குத் துருப்பிடிக்காமலிருக்க நாக (சிங்க்) முலாம், அதன்மேல் மஞ்சள் குரோமேட் என்ற பாதுகாப்புப் பூச்சு. காட்மியம் முலாமும் உண்டு, ஆனால் அது நச்சு, அந்தப் பக்கமே போகவில்லை. ஒரேயொரு சொதப்பல்: கடின உருக்கு போல்ட்டுகளை முலாமிட்ட கையோடு சூளையில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஏறிய ஐதரசன் பிறகு முறித்துவிடும். கடைக்காரர் வைக்கவில்லை. அந்த எட்டையும் வீசிவிட்டேன், வயிறு எரிகிறது.