கிராமர்சி டாவர்ன் பில்லில் திரும்பி வந்த டிப்ஸ்: அடுப்படியில் நிற்பவருக்கு என்ன வழி?

மகிழம்பூ:
நியூயார்க் கிழக்கு 20ஆம் தெருவில் இருக்கும் கிராமர்சி டாவர்ன் உணவகத்துக்கு இங்கே பலர் போயிருப்பீர்கள். உணவகத் தொழிலதிபர் டேனி மேயரும் சமையல் கலைஞர் டாம் கொலிக்கியோவும் 1994-இல் தொடங்கிய இடம். வாசலை ஒட்டிய கூடத்தில் விறகடுப்பு, மது அருந்தும் மேடை, நீண்ட காலம் முன்பதிவு இல்லாமலே உட்கார முடிந்த மேசைகள். அதைக் கடந்தால் முறையான விருந்துக் கூடம்.

மேயரின் நிறுவனம் 2015-இல் ஒரு துணிச்சலான முடிவை எடுத்தது. இனி டிப்ஸ் கிடையாது; உணவின் விலையிலேயே எல்லோருடைய கூலியும் அடங்கிவிடும் என்று அறிவித்தது. அந்த நவம்பரில் தன் தி மாடர்ன் உணவகத்தில் தொடங்கி, பிறகு ஒவ்வொன்றாக மற்ற இடங்களுக்கும் அந்த முறை வந்தது. கிராமர்சி டாவர்னும் அதில் சேர்ந்தது. 2020 ஜூலையில், பெருந்தொற்றுக்கு நடுவே, அதைக் கைவிட்டார்கள். பில்லின் அடியில் டிப்ஸ் எழுதும் கோடு திரும்பி வந்தது.

அந்தக் கோடு திரும்பியது பெரிய இழப்பு என்பது என் கருத்து. சம்பளம் கொடுக்க வேண்டியவர் முதலாளி. அந்தப் பொறுப்பைச் சாப்பிட வந்தவர் தலையில் கட்டுவது நியாயமே இல்லை.

குயின்ஸ்வாசி:
மகிழம்பூ அக்கா, மன்ஹாட்டனில் நல்ல பெயர் எடுத்த வேறோர் உணவகத்தில் சர்வராக வேலை பார்த்தவன் நான். டிப்ஸை ஒழிப்பது நியாயம் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சாப்பிடப் போகிறவர்கள்தான். பரிமாறுகிறவரிடம் கேட்டால் பதில் வேறாக இருக்கும்.

அந்த வேலை தட்டைக் கொண்டுவந்து வைப்பதோடு முடிவதில்லை. நான்கு பேர் அமர்ந்த மேசையில் ஒருவருக்குக் கொட்டைகள் ஒவ்வாது, இன்னொருவர் மீன் மட்டும் சாப்பிடுவார், மூன்றாமவர் நாடகத்துக்கு நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பார். இத்தனையையும் மனத்தில் வைத்து, சமையலறைக்கு எந்த உணவை எப்போது தொடங்கச் சொல்வது என்று முடிவெடுக்க வேண்டும். இரண்டு நிமிடம் பிசகினால் ஒருவர் தட்டு ஆறிப்போகும். அதில் தேர்ந்தவருக்குக் கிடைக்கும் பணத்தைத் தானம்போலப் பேசாதீர்கள். அது உழைத்துப் பெற்ற கூலி.

டிப்ஸை எடுத்தபோது நீண்ட காலம் பணியாற்றிய பரிமாறுநர்கள் பலர் விலகிப் போனார்கள். மேயரே இதை வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். வருமானம் குறைந்தால் குடும்பம் வைத்திருப்பவர் என்ன செய்வார்? அடுத்த தெருவில் டிப்ஸ் கிடைக்கும் உணவகத்துக்குத்தான் போவார்.

அடுப்படி:
நான் சமையலறை ஆள். இடம் மன்ஹாட்டன், பெயர் வேண்டாம்.

குயின்ஸ்வாசி அண்ணா சொன்ன அத்தனையும் உண்மை. அதே மேசைக்கு அந்த நான்கு தட்டுகளையும் ஒரே நேரத்தில் தயார் செய்தவர் யார்? விறகடுப்பின் முன் நிற்பவருக்கு வெப்பத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகு எதுவும் கிடையாது. தணலை இழுத்தும் தள்ளியும்தான் சமாளிக்க வேண்டும். மாலை ஐந்தரைக்கு இருந்த தணல் எட்டரைக்கு இருக்காது. அதே மீன் துண்டு, அதே கம்பி, ஆனால் ஒவ்வொரு முறையும் கணக்கு வேறு. முன்கை மயிர் பொசுங்கிப் போவதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதுகூட இல்லை.

ஒரு சனிக்கிழமை இரவை எடுத்துக்கொள்வோம். ஒரு சர்வரின் மேசைகளில் 2,000 டாலருக்கு விற்பனை என்றால், 20 சதவீதமாக 400 டாலர் டிப்ஸ். உதவியாளர்களுக்கும் மது ஊற்றுபவருக்கும் பங்கு போக மீதி அவருக்கு. அந்த இரவு கூட்டம் இரண்டு மடங்கானால் அவர் வருமானமும் ஏறும். எனக்கோ மணிக்கு இவ்வளவு என்ற அதே கூலி. கூட்டம் கூடினால் எனக்குக் கூடுவது வேலை மட்டும்தான்.

இதில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. நியூயார்க் மாநிலத் தொழிலாளர் சட்டப்படி, டிப்ஸில் சமையல்காரருக்கோ பாத்திரம் கழுவுபவருக்கோ பங்கு கொடுக்கக் கூடாது. விருந்தினரை நேரில் கவனிப்பவர்களுக்கு மட்டுமே அது உரியது. ஆகவே என் முதலாளியும் சர்வர்களும் சேர்ந்து மனமுவந்து கொடுக்க நினைத்தாலும் வழியில்லை. இதைச் சுற்றிப் போகத்தான் மேயர் விலையிலேயே எல்லாவற்றையும் சேர்த்தார். விலையில் வரும் பணத்தை முதலாளி யாருக்கு வேண்டுமானாலும் பகிரலாம்.

குயின்ஸ்வாசி:
தம்பி, அப்படியானால் சட்டத்தை மாற்றச் சொல்லிப் போராடுங்கள், நானும் வருகிறேன். சர்வரின் தட்டிலிருந்து எடுத்துச் சமையல்காரர் தட்டில் வைப்பதைச் சீர்திருத்தம் என்று சொல்லாதீர்கள். முதலாளியின் லாபத்திலிருந்து கொடுக்கச் சொல்ல ஏன் யாருக்கும் வாய் வருவதில்லை? 2020-இல் டிப்ஸைத் திருப்பிக் கொண்டுவந்தபோது, வருவாயில் ஒரு பங்கைச் சமையலறைக்குத் தருவதாக மேயர் நிறுவனம் அறிவித்தது. வழி அதுதான். அதை ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே செய்திருக்கலாம்.

தேனருவி:
வரலாற்றை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. அமெரிக்காவில் டிப்ஸ் பரவியது உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தில். விடுதலை பெற்ற கறுப்பின மக்களை வேலைக்கு வைத்துக்கொண்டு, கூலியை மிகக் குறைத்து, பயணியின் கையிலிருந்து விழும் காசை நம்பி வாழ விட்டார்கள். புல்மன் நிறுவனத்தின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை செய்த பணியாளர்கள் அதற்குப் பெரிய சாட்சி. இது அப்போதே பலருக்கு உறுத்தியது. 1909-இல் வாஷிங்டன் மாநிலம் டிப்ஸையே தடை செய்தது. வேறு சில மாநிலங்களும் பின்தொடர்ந்தன. 1926-க்குள் அத்தனை தடைகளும் நீங்கிவிட்டன.

1966-இல் டிப்ஸைக் காட்டிக் குறைந்தபட்சக் கூலியைக் குறைத்துக் கொடுக்க மத்திய சட்டமே இடம் தந்தது. டிப்ஸ் பெறுபவருக்கு முதலாளி தரவேண்டிய மத்தியக் குறைந்தபட்சம் மணிக்கு 2.13 டாலர். 1991 முதல் இன்றுவரை அந்த எண் அசையவில்லை.

குயின்ஸ்வாசி:
தேனருவி, 2.13 டாலர் நியூயார்க்குக்குப் பொருந்தாது. 2025-இல் நகரத்துக் குறைந்தபட்சக் கூலி 16.50. பரிமாறுபவருக்கு முதலாளி 11 டாலர் தர வேண்டியிருந்தது, மீதி 5.50-ஐ டிப்ஸில் கழித்துக்கொள்ள முடிந்தது. தென் மாநிலச் சாலையோரக் கடையையும் கிராமர்சி டாவர்னையும் ஒரே தராசில் வைத்தால் விவாதம் திசைமாறிப் போகும்.

கடலோரன்:
சான் பிரான்சிஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். கலிஃபோர்னியாவில் டிப்ஸைக் காட்டிக் கூலியைக் கழிக்கும் அந்த முறையே கிடையாது. டிப்ஸ் வந்தாலும் வராவிட்டாலும் சர்வருக்கு முழுக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். சமையலறையோடு டிப்ஸைப் பகிர்வதையும் சட்டம் தடுக்கவில்லை. அடுப்படி கேட்பது இங்கே நடைமுறையிலேயே இருக்கிறது. உணவகங்கள் அதனால் மூடிப்போய்விடவில்லை. விலை அதிகம்தான், மறுக்கவில்லை.

நிழல்மரம்:
சாப்பிடப் போகிறவன் சார்பில் ஒரு சொல். பட்டியலில் 100 டாலர் என்று பார்த்து உட்காருகிறேன். 8.875 சதவீத வரி, 20 சதவீத டிப்ஸ் சேர்ந்தால் எழும்போது ஏறத்தாழ 129 டாலர். எனக்கு வேண்டியது ஒரே ஒரு நேர்மையான எண். மேயர் அதைத்தான் கொடுத்தார்.

குயின்ஸ்வாசி:
அந்த நேர்மையான எண்ணைப் பார்த்து எத்தனை பேர் உட்கார்ந்தார்கள் ஐயா? பக்கத்துக் கடையில் அதே கோழி குறைந்த விலையில் எழுதியிருக்கும். கடைசியில் கொடுக்கும் தொகை ஒன்றாகவே இருந்தாலும் பட்டியலைப் பார்க்கிற கண்ணுக்கு இது அதிகம், அது குறைவு. ஒரு குழுமம் மட்டும் தனியாக விலையை உயர்த்தி நிற்பது தற்கொலைக்குச் சமம். நகரம் முழுவதும் ஒரே நாளில் மாறினால் மட்டுமே அது நிலைக்கும்.

மகிழம்பூ:
குயின்ஸ்வாசி, நீங்கள் இப்போது சொன்னது என் பக்கத்துக்கான வாதம். தனி உணவகத்தால் முடியாது, எல்லோருக்கும் பொதுவான விதி வேண்டும் என்பதைத்தான் இந்த ஐந்தாண்டு முயற்சி காட்டியது. மேயரைப்போலப் பெயரும் முதலும் உள்ளவராலேயே முடியவில்லை என்றால், சின்ன உணவகக்காரர் எப்படித் தொடங்குவார்? பிரான்ஸில் பரிமாறும் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். அங்கே யாரும் பில்லின் அடியில் பெருக்கல் போட்டுக்கொண்டு உட்காருவதில்லை.

குயின்ஸ்வாசி:
பொதுவான விதி வரட்டும். ஆனால் அந்த விதியில் பரிமாறுபவரின் இன்றைய வருமானம் ஒரு டாலர்கூடக் குறையாது என்று எழுதியிருந்தால் மட்டுமே நான் கையெழுத்துப் போடுவேன்.

அடுப்படி:
அந்த நிபந்தனையோடு நான் உடன்படவில்லை அண்ணா. விற்பனைத் தொகை அதுவேதான். உங்கள் பங்கு துளியும் குறையக் கூடாது, வாடகையும் குறையாது என்றால், என் கூலி உயர்வதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுச் சொல்லுங்கள். முதலாளியின் லாபத்திலிருந்து என்கிறீர்கள். உணவகத் தொழிலில் லாபம் எவ்வளவு மெல்லியது என்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் இரவு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு எங்கள் வரிசைக்கு வந்தால் போதும், பாத்திரம் கழுவும் பெரியவர் இரண்டாவது வேலைக்கு ஓட வேண்டியிருக்காது. சட்டம் அனுமதித்தால் அதைத் தருவீர்களா, மாட்டீர்களா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

குயின்ஸ்வாசி:
பாத்திரம் கழுவுபவருக்குத் தருவேன். இப்போதே தரத் தயார். மாதச் சம்பளம் வாங்கும் தலைமைச் சமையல்காரருக்குத் தரமாட்டேன்.

அடுப்படி:
தலைமைச் சமையல்காரருக்கு நானும் கேட்கவில்லை. அப்படியானால் சட்டத் திருத்தத்தில் யார் யார் பெயர் வரவேண்டும் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்குவோம். பாத்திரம் கழுவுபவர், காய் நறுக்குபவர், அடுப்பு வரிசையில் மணிக்கூலிக்கு நிற்பவர்கள். இதில் யாரை நீக்கச் சொல்கிறீர்கள்?